அவர் பேருக்கு ஒரு பிடி

கணவன் பான்சொக் இறந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை, சுன்தோக் எப்போதும்போல் அரிசிப் பையை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனாள். சபைச் சமையலறையின் பின்வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் இருக்கும். பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் துணிப்பையை அதில் கவிழ்த்து, உதறி, மடித்துக் கைப்பைக்குள் செருகிக்கொண்டு போவார்கள். சுன்தோக்கும் கவிழ்த்தாள். உதறினாள். மடிக்கிற இடத்தில் கை நின்றுவிட்டது.

“ஐயோ.”

“என்னடி, அரிசில வண்டா?” என்று கேட்டார் பியோ மூப்பரம்மா. சபைப் பெண்களுக்கெல்லாம் பெரியவர். எண்பதை நெருங்கியும் முள்ளங்கி நறுக்கும் கை ஓயவில்லை.

“அவர் பேருக்கும் எடுத்துட்டேன் போலிருக்கு.”

“எவர் பேருக்கு?”

“மிரான் அப்பா பேருக்கு. வாரம் பூரா. கை பாட்டுக்கு எடுத்திருச்சு.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓக்புன் சிரித்துவிட்டாள். சபையைக் காவல் காப்பவரின் மனைவி அவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. “போயும் மனுஷன் பங்கு கேக்கறாரு பாருங்க.”

மூப்பரம்மா கத்தியைக் கீழே வைத்தார். “சிரிக்காத. சுன்தோக், செத்தவங்களுக்கு நாம ஜெபம் பண்றதில்ல. தெரியும்ல?”

“தெரியும்.”

“செத்தவர் பேரச் சொல்லி அரிசி எடுத்தா அதுக்கு என்ன பேரு? படையல். படையல் போட மாட்டேன்னு சொன்னதுக்கு எங்க மாமியார் விட்டெறிஞ்ச தட்டு பட்ட தழும்பு இந்தத் தோள்ல இன்னும் இருக்கு. நீ அதை சபைக்குள்ளேயே கொண்டாந்து கொட்டறியே.”

“வேணும்னு பண்ணல, மூப்பரம்மா.”

“தெரியும்டி. அதான் சொல்றேன். இனிமே உனக்கு ஒண்ணு, மிரானுக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.”

மூப்பரம்மாவின் குரலில் கோபம் இல்லை. பான்சொக்கின் படத்துக்கு முன்னால் சாவுச் சடங்குக் கூடத்தில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அன்று மதியம் சுன்தோக் கிளம்பும்போது ஒரு டப்பா கிம்ச்சி ஊறுகாயையும் அவள் கையில் திணித்தார். ஆனாலும் வீடு போய்ச் சேரும்வரை சுன்தோக் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பிடியரிசி அந்தச் சபையில் எல்லாரும் அறிந்த பழக்கம். சோற்றுக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், வீட்டில் ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு பிடி எடுத்துப் பையில் போட வேண்டும். போடும்போது அந்தப் பேரைச் சொல்லி, அவருக்கு என்ன வேண்டுமோ அதைக் கர்த்தரிடம் கேட்க வேண்டும். மற்ற பெண்களுக்கு விடியற்கால ஜெபக் கூட்டம் இருந்தது. சுன்தோக்குக்கு அது வாய்க்கவில்லை. அவள் வேலை செய்யும் சிப்பிக் கொட்டகையின் வண்டி விடிவதற்கு முன்பே வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். குளிர்காலம் முழுக்க அவளுக்கு இருந்த ஒரே ஜெபம் அந்தப் பிடிகள்தான்.

அவள் பிறந்தது கொரியாவின் தென்கரையில், தோங்யோங் துறைமுகத்துக்கு எதிரே ஒரு சின்னத் தீவில். கடலுக்கும் படையல், முன்னோருக்கும் படையல், அது போக மிஞ்சியது வீட்டுப் பெண்களுக்கு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. சிப்பி உரிக்க வந்தாள். அங்கே படகு இன்ஜின் பழுது பார்க்க வந்த பான்சொக்கைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குப் பேச்சு குறைவு. பேசினால் கிண்டல்.

மிரான் பிறந்த குளிர்காலத்தில் அவன் ஒரு மீன்பிடிக் கப்பலோடு போயிருந்தான். குழந்தைக்குக் கக்குவான் இருமல். சுன்தோக் தூங்கி நாளாகியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடப்பாள். அப்போது ஒரு காலை, முன்பின் தெரியாத ஒரு பெண் ஒரு பானைக் கஞ்சியோடு கதவைத் தட்டினாள்.

“யாரு நீங்க?”

“மேட்டுத் தெருல இருக்கேன். குழந்தைய இப்படிக் குடு. நீ போய்ப் படு.”

ஏன், எதற்கு என்று கேட்கவும் தெம்பில்லை. கொடுத்துவிட்டுப் படுத்தாள். எழுந்தபோது சாயங்காலம். குழந்தையின் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். அவள்தான் பியோ. அன்று அவளுக்கு இந்தப் பட்டம் எல்லாம் இல்லை.

“உங்களுக்கு என்னை எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் சுன்தோக்.

“தெரியாது. எங்க ஜன்னல்லேர்ந்து பாத்தா உன் வீட்டு விளக்கு அணையவே மாட்டேங்குது. பேரு தெரியல. ‘அந்த விளக்கு வீட்டுப் பொண்ணு’ன்னு சொல்லித் தினம் ஒரு பிடி எடுத்தேன். பை நிறைஞ்சுது. கஞ்சி காய்ச்சிக் கொண்டாந்தேன்.”

சுன்தோக்கைக் கிறிஸ்தவளாக்கியது அவ்வளவுதான். பிரசங்கம் பின்னால் வந்தது, வேதம் பின்னால் வந்தது. தன் பேர்கூடத் தெரியாத ஒருத்தி, அரிசிப் பானைக்கு முன்னால் நின்று, தன்னைக் கடவுளிடம் சொல்லியிருக்கிறாள். மிஞ்சியதைத் தின்று வளர்ந்தவளுக்கு, சமைப்பதற்கு முன்பே ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் சில வருடங்கள் அரிசிப் பானையைத் திறக்கும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். பேர்களைச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிடும்.

அப்புறம் அடைப்பது நின்றது. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

“கர்த்தாவே, மிரானுக்கு நல்ல சுகத்தக் குடும். அந்த மெஷின் புகை நெஞ்சுல போகாம... புது முகமூடி வாங்கித் தரணும். குழாய் சொட்டுது. மிரான் அப்பாவ உம்ம வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாரும். நெத்திலிய வெயில்ல போட்டமா இல்லையா? ஆமென்.”

இதுதான் ஜெபம். கைப்பேசி வந்த பிறகு இன்னும் மோசம். சபைக் குழுவில் யாராவது விடிவதற்குள் ரோஜாப்பூவின் மேல் வசனம் எழுதி அனுப்புவார்கள். அதைப் பார்க்கக் கையில் எடுத்தால், அதற்குக் கீழே ஒருவர் பேரக் குழந்தையின் படம், அதற்குக் கீழே முட்டைக்கோஸ் மலிவாக வந்திருக்கிறது என்று ஒரு செய்தி. போனைக் கீழே வைக்கும்போது மூன்று பிடியும் பைக்குள் இருக்கும். யார் பேருக்கு என்ன கேட்டாள் என்பது நினைவில் இருக்காது.

புருஷன் பேருக்கு அவள் கேட்டது எப்போதும் ஒன்றேதான். அவரை உம் வீட்டுக்குள் கூட்டி வாரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவர் வரவில்லை. ஞாயிறுகளில் பட்டறையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சபைக் கட்டடத்தைச் சூடாக்கும் பழைய பாய்லர் மக்கர் செய்தால் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்; அக்கம்பக்கம் என்கிற உரிமை. அவள் ஆசையோடு, “அப்படியே உள்ள ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வந்திருக்கலாமே” என்பாள். “பாய்லர் வெளியிலதான் இருக்கு, மிரான் அம்மா” என்பார்.

சிப்பிப் பருவம் முடிகிற சமயத்தில், ஒரு காலை, பட்டறையில் இன்ஜின் மீது சாய்ந்தபடியே போய்விட்டார்.

மூப்பரம்மா சொன்ன மறுநாள் சுன்தோக் அரிசிப் பானையைத் திறந்தாள். மிரானுக்கு ஒரு பிடி. தனக்கு ஒரு பிடி. கை மறுபடி பானைக்குள் போனது. இழுத்தாள். வெறுங்கை. அந்த வெறுங்கையைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் மனதின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த கேள்வி முன்னால் வந்து நின்றது. ஒழுங்காகக் கேட்டோமா? ஒரு தடவையாவது முழு மனதோடு, குழாயை நினைக்காமல், நெத்திலியை நினைக்காமல் அவருக்காகக் கேட்டோமா? கேட்டிருந்தால் வந்திருப்பாரோ? பேர் தெரியாத பெண்ணுக்காக ஒருத்தி கேட்டாள், அந்த வீட்டுக் கதவு திறந்தது. கட்டின புருஷனுக்காக இவள் கேட்டாள், அது காற்றோடு போயிற்று.

எடுத்த இரண்டு பிடியையும் பானையிலேயே திரும்பக் கொட்டினாள்.

அதன் பிறகு அரிசியே அளக்கவில்லை. கடையில் கிண்ணத்தில் அடைத்து விற்கிற சோற்றை வாங்கி மைக்ரோவேவில் சுட வைத்துத் தின்றாள். ஞாயிறுகளில் முழங்காலைக் காரணம் காட்டி வீட்டில் இருந்தாள். மூப்பரம்மா இரண்டு முறை வந்து பார்த்தார். சுன்தோக் காப்பி போட்டுக் கொடுத்து, முழங்காலைக் காட்டி அனுப்பினாள்.

மகள் மிரான் சாங்வோன் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கிறவள். எந்தக் கருவி எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கல்லூரிக்குப் போனதோடு சபையை விட்டவள். வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள்.

“சாப்டியாம்மா?”

“சாப்டேன். நீ?”

“சாப்டேன்.”

அப்பாவைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒரு நாள் சுன்தோக் கேட்டுவிட்டாள். “ஏண்டி, பாதி மனசா பண்ற ஜெபம் போய்ச் சேருமா?”

“எனக்குத் தெரியலம்மா. அத அளக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றாள் மிரான்.

கோடை போயிற்று. கொட்டகை திறந்தது. நீள மேசைகளில் சிப்பி வந்து கொட்டியது. அதன் முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். குட்டைக் கத்தியை ஓட்டின் இடுக்கில் விட்டு ஒரு திருகு, ஒரு வழிப்பு, சதை கிண்ணத்தில், ஓடு காலடியில். பல வருடமாகச் செய்த வேலை. இப்போது கத்தி இரண்டு தடவை கையுறையைக் கிழித்தது.

பக்கத்தில் நிற்பவள் மால்சுன். புத்தர் பிறந்தநாளில் கோயிலில் விளக்குக் கட்டுவாள், கிறிஸ்துமஸில் சபைக்கு வந்து பலகாரம் தின்பாள். “அக்கா, கத்தி ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போற. விரல் கிண்ணத்துல விழுந்தா அதையும் எடை போட்டுருவானுங்க.”

“மனசு நிக்க மாட்டேங்குதுடி.”

“யாருக்கு நிக்குது? நான் இங்க நின்னு மருமகளத் திட்டறேன். வீட்டுல மருமகளத் திட்டறப்ப சிப்பி ஞாபகம் வருது.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆமா, தினம் அரிசி எடுத்து வெச்சுட்டு வந்தேன்னு சொல்லுவியே, அதப் பத்தி இப்பப் பேச்சே காணோம்?”

“விட்டுட்டேன்.”

“உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாரா?”

“கோவிச்சாக்கூடப் பரவால்ல. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரே.”

மால்சுன் தன் பக்கத்து நல்ல சிப்பிகளில் கொஞ்சத்தைச் சுன்தோக் பக்கம் தள்ளிவிட்டாள்.

முதல் கடுங்குளிர் ஒரு சனிக்கிழமை இறங்கியது. கொட்டகையிலிருந்து வந்து சுன்தோக் கால் நீட்டி உட்கார்ந்த சமயம், வாசலில் ஓக்புன் சத்தம்.

“அக்கா! உள்ள இருக்கீங்களா? பாய்லர் படுத்துருச்சு. நாளைக்கு ஜனம் எல்லாம் ஐஸ் மீன் மாதிரி விறைச்சு உக்காந்திருக்கப் போவுது.”

“மெக்கானிக்கக் கூப்பிட வேண்டியதுதானே.”

“வந்தான். இது எந்த ராஜா காலத்துச் சாமான்னு கேட்டுச் சிரிச்சுட்டுப் போயிட்டான். உங்க வீட்டுக்காரரு இதுக்குன்னே ஒரு வால்வு கடைஞ்சு பட்டறைல வெச்சிருக்கேன்னு சொல்லியிருந்தாரு.”

அவர் போன நாளிலிருந்து பட்டறை பூட்டிக் கிடந்தது. சுன்தோக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே டீசல் வாசம் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் தகர டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஓக்புன்னின் வாய் நிற்கவில்லை.

“எல்லாத்தையும் பாத்துப் பாத்து வெச்சிருப்பாரு. போன தடவை வந்தப்பகூட, சோத்தப் போட்டுட்டு, குழம்பு கொண்டு வர்றதுக்குள்ள எழுந்து போயி குழாய் மூடியத் திருகிட்டு வந்து உக்காந்தாரு.”

சுன்தோக் நிமிர்ந்தாள். “எங்க உக்காந்தாரு?”

ஓக்புன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஓக்புன்.”

“சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் அக்கா.”

“அவரு இல்ல. நான் இருக்கேன். சொல்லு.”

ஓக்புன் கவிழ்ந்த டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். “பாய்லரப் பாக்க வர்ற அன்னிக்கு மத்தியானம் எங்க கூடத்தான் சாப்பிடுவாரு. சமையலறைல, பின்வாசல் பக்கம். பாய்லர் நல்லா ஓடற அன்னிக்கும் வருவாரு. கொளுத்தற வெயில்ல பாய்லருக்கு என்ன வேலை? வருவாரு. அதத் தட்டுவாரு, இதத் தட்டுவாரு, கையக் கழுவிட்டு வந்து உக்காந்துருவாரு. நாங்க இந்தச் சபைக்கு வந்ததுலேர்ந்து இதான் வழக்கம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை...”

“உங்களுக்குத் தெரிஞ்சா அடுத்த வாரமே வெள்ளை அங்கி மாட்டிப் பாட்டுக் குழுவுல நிக்க வெச்சிருவீங்களாம். அங்கி பூரா கிரீஸ் ஆயிரும்னு சொல்லிச் சிரிப்பாரு.”

சுன்தோக்குக்குச் சிரிப்பு வரவில்லை. “எந்த அரிசில சோறு போட்ட?”

“வேற எதுல? பீப்பாய் அரிசிதான். ஒரு நாள் கேட்டாரு, இதுல எங்க வீட்டு அரிசி இருக்கான்னு. எல்லார் வீட்டோடதும் கலந்துதான் கிடக்கு, உங்க வீட்டோடதும் இருக்கும்னேன். ‘அப்ப நான் யார் வீட்டுச் சோத்தையும் ஓசில தின்னல, என் பேரச் சொல்லி எடுத்ததத்தான் திங்கறேன். தினம் காலைல அவ சொல்றது படுக்கைல எனக்குக் கேக்கும்’னாரு.”

சுன்தோக் அவர் உட்காரும் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். தூங்குகிறார் என்று நினைத்துத்தான் அவள் தினமும் வாய்விட்டுச் சொல்வாள்.

“சாப்பிடறதுக்கு முன்னால ஜெபம் பண்ணினாரா?”

ஓக்புன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நாங்க கண்ண மூடுவோம். அவரு கரண்டியப் புடிச்சுட்டுக் காத்துட்டிருப்பாரு. ஆமென்னதும், ‘ஆச்சா? சூப்பு ஆறுது’ம்பாரு.”

“ஒரு தடவைகூட?”

“நான் பாத்ததில்லக்கா. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்.”

வால்வு கடைசி டப்பாவில், எண்ணெய்த் துணியில் சுற்றி இருந்தது. ஓக்புன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

சுன்தோக் முக்காலியில் உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க அசதி. அவள் கேட்டது இதை இல்லை. முன்வாசல் வழியாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கும்பிடுகிற ஒருவரைத்தான் அவள் கேட்டாள். அவர் பின்வாசல் வழியாக வந்து, தின்று, சூப்பு ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதைக் கொண்டுபோய் அவர் கரையேறிவிட்டார் என்று மூப்பரம்மாவிடம் சொல்ல முடியுமா? முடியாது. தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவருக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருந்தது என்ன என்பது அவளுக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

ஆனால் அரிசி போயிருக்கிறது.

குழாயை நினைத்துக்கொண்டு எடுத்த பிடி. நெத்திலியை நினைத்துக்கொண்டு எடுத்த பிடி. போனில் முட்டைக்கோஸைப் பார்த்துக்கொண்டே எடுத்த பிடி. ஒன்று விடாமல் அத்தனையும் பைக்குள் போய், பீப்பாய்க்குள் போய், வெந்து, அந்தக் கிண்டல்காரர் வாய்க்குப் போயிருக்கிறது. அவள் மனம் ஊரெல்லாம் சுற்றிய நேரத்திலும் அது வழியில் எங்கும் நிற்கவில்லை. அவள் பார்க்காதபோது யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கையில் மயிர் சிலிர்த்தது. குளிர் என்று முதலில் நினைத்தாள். பிறகு குளிர் இல்லை என்று தெரிந்துகொண்டாள். இது அவளுக்குத் தெரிந்த சிலிர்ப்புதான். பல வருடமாகப் பார்க்காதது.

மறுநாள் சபைக்குப் போனாள். பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. ஆராதனை முடிந்ததும் சமையலறைக்குப் போய் மூப்பரம்மா பக்கத்தில் நின்றாள்.

“முழங்கால் ஆறிருச்சா?” என்றார் மூப்பரம்மா, நிமிராமல்.

“ஆறல. மூப்பரம்மா, ஒண்ணு கேக்கணும். செத்தவங்களுக்காக ஒண்ணும் கேக்கக் கூடாது. சரி. நன்றி சொல்லலாமா?”

“சொல்லலாம். அதுல என்ன தப்பு?”

“அரிசி எடுத்துட்டு?”

மூப்பரம்மா கத்தியை நிறுத்தினார். வேதத்தை மனதுக்குள் முதலிலிருந்து கடைசி வரை புரட்டுவதுபோல் வெகுநேரம் முள்ளங்கியையே பார்த்தார். அவருக்குத் தெரிந்த சட்டம் எதிலும் இது அகப்படவில்லை போலும்.

“அவரு பசியாறணும்னு எடுக்கறியா?”

“இல்ல. அவரு பசியாறினதுக்கு எடுக்கறேன்.”

ஓக்புன் சட்டென்று பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள், யாரும் சொல்லாமலே. மூப்பரம்மா அவள் முதுகைப் பார்த்தார். சுன்தோக்கைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ தெரிந்திருந்தது, எவ்வளவு என்று சொல்ல முடியாது.

“பீப்பாய்க்குள்ள விழுந்தப்புறம் எது யார் பிடின்னு நான் பிரிச்சுப் பாக்கப் போறனா? போடு” என்றார். “ஆனா பாஸ்டர் கிட்டப் போய்க் கேட்டு வைக்காத. அந்தப் புள்ள இதுக்கு ஒரு மாசம் பிரசங்கம் பண்ணும்.”

திங்கட்கிழமை விடிவதற்கு முன் சுன்தோக் அரிசி அளந்தாள். மிரானுக்கு ஒரு பிடி. சுகம் கேட்டாள், நடுவில் மைக்ரோவேவ் துடைக்க வேண்டும் என்று தோன்றியது. போகட்டும் என்று விட்டாள். தனக்கு ஒரு பிடி. முழங்காலைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது பிடியை எடுத்தாள். நன்றி என்று வந்துவிட்டதே தவிர எதற்கு என்று தெரியவில்லை. பொதுவாக நன்றி சொல்வது சாவு வீட்டில் பேசுகிற பேச்சு மாதிரி இருந்தது. ஏதாவது ஒன்று வேண்டும். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

வாசலில் ரப்பர் பூட்ஸ் கிடந்தது. இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து காலை உள்ளே விட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது. வயதாகிவிட்டது, கால் குளிர் தாங்கவில்லை என்று நினைத்திருந்தாள். முன்னெல்லாம் இதமாக இருக்குமே. இதே வாசல், இதே பூட்ஸ். அவள் கண் பூட்ஸிலிருந்து, அடியில் வெந்நீர்க் குழாய் ஓடிச் சூடேறிய தரைக்கு வந்தது, தரையிலிருந்து அவர் படுக்கும் மூலைக்குப் போனது.

அவள் முகம் கழுவுகிற நேரத்தில் அவர் எழுந்து, பூட்ஸை உள்ளே கொண்டுவந்து, சூடான தரையில் தன் போர்வைக்குள் வைத்திருக்கிறார். அவள் சமையலறைக்குள் போனதும் பழையபடி வாசலில் வைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். ஒவ்வொரு குளிர்காலமும். அப்புறம் தூங்குகிற மாதிரி கிடந்து, தன் பேர் வருகிறதா என்று கேட்டிருக்கிறார்.

“கர்த்தாவே” என்றாள். அதற்கு மேல் போக முடியவில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது பிடியைப் பையில் போட்டுவிட்டு, குளிர்ந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கொட்டகையில் காப்பி நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“என்னக்கா, அழறியா?” என்றாள் மால்சுன்.

“அரிசியக் கழுவவே இல்லடி. அளந்தது அப்படியே மேடைல கிடக்கு.”

“கிழிஞ்சுது போ. சோத்துக்கு என்ன பண்ணுவ?” மால்சுன் தன் டப்பாவைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளினாள். “அப்படி என்ன நினைப்பு?”

போன் அடித்தது. மிரான். அவள் கூப்பிடுகிற கிழமை இல்லை அது.

“பாய்லர் சரியாச்சாம்னு சபைக் குழுவுல போட்டிருந்தாங்க” என்றாள் மிரான். அவள் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதே சுன்தோக்குக்குத் தெரியாது. “அப்பா வால்வாமே.”

“ஆமா.”

“சாப்டியா?”

“இல்ல. சோறே வைக்கல. மறந்துட்டேன்.”

“நீயா?”

“உங்கப்பாவப் பத்திப் பேசிட்டே இருந்துட்டேன்.”

“யார்கிட்ட?”

“கர்த்தர்கிட்ட.”

அந்தப் பக்கம் ஏதோ எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மிரான் அதை நிறுத்தியிருக்க வேண்டும், சத்தம் அடங்கிற்று.

“என்ன பேசின?”

சுன்தோக் பூட்ஸைப் பற்றிச் சொன்னாள். மிரான் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

“இன்னொண்ணு சொல்லும்மா.”

“இன்னிக்கு இதுதான். நாளைக்கு என்னன்னு எனக்கே தெரியாது.”

“சரி” என்றாள் மிரான். “நாளைக்கும் இந்நேரம் கூப்பிடறேன்.”